காற்று போகும் வழியை அடைக்காதீர்கள்!

மழைக்காலத்தில் வீட்டில் நாலு துணி காயாவிட்டாலே திண்டாட்டம். நூற்றுக்கணக்கான நோயாளிகள் படுத்திருக்கும் பெரிய ஆஸ்பத்திரி என்ன செய்யும்? விரிப்புகளும் உறைகளும் தினமும் மலைபோல் குவிகின்றன. வெயிலுக்குக் காத்திருக்க முடியுமா?

அங்கே கைகொடுப்பது துணி உலர்த்தும் எந்திரம். பெரிய ஓட்டல்களிலும் சலவை நிலையங்களிலும் இது இருக்கிறது. எந்திரத்தின் உள்ளே ஒரு பெரிய இரும்பு உருளை சுழலும். அதில் ஈரத்துணியைப் போட்டுச் சூடான காற்றைச் செலுத்துவார்கள். காற்று ஈரத்தை வாங்கிக்கொண்டு, ஒரு தகரக் குழாய் வழியாகக் கட்டிடத்துக்கு வெளியே போய்விடும்.

எந்திரத்தை விலை கேட்டு, பேரம் பேசி வாங்குகிறார்கள். குழாயைப் பற்றி மட்டும் கடைசியில்தான் நினைக்கிறார்கள். "இருக்கிற இடத்தில் எப்படியாவது வளைத்து விடு" என்கிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

பஞ்சும் நெருப்பும்

துணி சுழலும்போது அதிலிருந்து மெல்லிய பஞ்சுத்தூசி உதிர்கிறது. எந்திரத்தில் உள்ள வலை பெரும்பகுதியைப் பிடித்துவிடும். மிச்சம் காற்றோடு குழாய்க்குள் போகும். காற்று வேகமாகப் போனால் தூசியும் வெளியே போய்விடும். வேகம் குறைந்தால் குழாயிலேயே படியும். ஒரு தீப்பொறி போதும், குபீரென்று பற்றிக்கொள்ளும்.

அமெரிக்காவில் பல வீடுகளில் இதே எந்திரம் சிறிய அளவில் இருக்கிறது. 2008 முதல் 2010 வரை அந்த வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீ விபத்துகள் இதனால் நடந்தன என்று அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் கணக்கிட்டது. ஆண்டுக்கு 5 பேர் இறந்தார்கள். 100 பேர் காயம் அடைந்தார்கள். சுத்தம் செய்யாததே முக்கிய காரணம். வீட்டு எந்திரமே இப்படி என்றால், நாள் முழுவதும் ஓடும் பெரிய எந்திரத்துக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

எப்படி அமைப்பது?

குழாய் நேராகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு வளைவும் காற்றைத் தடுக்கும்.

உட்புறம் வழவழப்பான உலோகத் தகடாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய் கூடவே கூடாது; அது தீயில் எரியும். மடிப்பு மடிப்பான குழாயும் வேண்டாம்; மடிப்பில் தூசி தங்கும்.

திருகாணியின் முனை உள்ளே நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. முள்வேலியில் பஞ்சு சிக்குவதுபோல் அதில் தூசி சிக்கும்.

பல எந்திரங்களுக்கு ஒரே பெரிய குழாய் என்றால், ஒவ்வொரு கிளை சேரும் இடத்திலும் அந்தக் குழாய் அகலமாக வேண்டும். கிளைக்குழாய் சாய்வாக வந்து சேர வேண்டும்.

குழாயின் வாய் கட்டிடத்துக்கு வெளியே திறக்க வேண்டும். கூரைக்கு அடியில் விட்டுவிடக் கூடாது. பறவை புகும் என்று வாயில் கம்பி வலை கட்டுவதும் தவறு. சில நாளில் தூசி படிந்து வலையே மூடியாகிவிடும். உள்ளே கை விட்டுச் சுத்தம் செய்ய ஆங்காங்கே சிறு கதவுகளும் வேண்டும்.

உள்ளே வரும் காற்று

வெளியே போகும் அளவு காற்று அறைக்குள் வரவும் வேண்டும். ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டால் எந்திரம் திணறும். துணி காய நேரமாகும், செலவு ஏறும். வாயுவில் எரியும் எந்திரமானால் சுடர் சரியாக எரியாது. கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அங்கே வேலை செய்பவருக்குத் தெரியாமலே அது உயிரைக் குடித்துவிடும்.

ஆகவே, சலவைக்கூடம் கட்டும்போதே குழாய் போகும் வழியையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். தினமும் வலையைத் துடைக்கவும், குறித்த நாளில் குழாயைத் திறந்து பார்க்கவும் ஆள் வேண்டும். தகரத்தில் மிச்சம் பிடிக்கும் பணம் லாபம் அல்ல. எந்திரத்தின் அருகே நிற்கும் தொழிலாளியின் உயிருக்கு அது ஈடாகாது.