நோய் வந்த வாழையை வெட்டுங்கள்



போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு வாழையின் படம் வந்தது. இலையெல்லாம் குட்டையாக ஒடுங்கி, உச்சியில் கொத்தாக நட்டுக்குத்தலாக நிற்கிறது. "என்ன உரம் போடலாம் மாமா?" என்று கேள்வி. பஞ்சகவ்யம், மீன் அமிலம், எப்சம் உப்பு, புளித்த மோர் என்று பதில்கள் குவிந்தன. ஒருவர் திருஷ்டி கழிக்கச் சொன்னார்! நான் மட்டும் "வெட்டிவிடு" என்று எழுதினேன். "வாழையடி வாழைன்னு வாழ்த்துறோம், நீங்களே வெட்டச் சொல்றீங்களே சார்" என்று சண்டைக்கு வந்துவிட்டீர்கள்.

அது முடிக்கொத்து நோய். வைரஸ். மருந்தே கிடையாது. அந்த வாழை உருப்படியாகக் குலை தள்ளாது. அதன் பக்கக் கன்றுகள் பார்க்கப் பளபளவென்று இருந்தாலும் உள்ளே அதே வைரஸ்தான். எல்லாம் ஒரே கிழங்கின் பிள்ளைகள். அங்கே வாழையடி வாழையாக வருவது நோய்.

"என் கொல்லை, என் வாழை, ஊருக்கு என்ன?" என்று ஒரு தம்பி கேட்டான். சொல்கிறேன். மட்டைக்கு அடியிலும் குருத்துக்குள்ளும் கருப்பாக அசுவினி மொய்க்கும், கூடவே எறும்பு ஊரும். அந்த அசுவினி நோயுள்ள வாழையில் சாறு குடித்துவிட்டுப் பறந்து அடுத்த வாழையில் உட்காரும். அதற்குக் காம்பவுண்டு சுவர் தெரியாது, பட்டா தெரியாது. உங்கள் அழகு வாழை, பக்கத்து நிலத்துக்காரர் கடன் வாங்கி நட்ட தோட்டத்துக்கு நோய் சப்ளை செய்கிறது.

மிகைப்படுத்துகிறேன் என்பவர்கள் திண்டுக்கல் பக்கம் பாருங்கள். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாட்சி மலைவாழை கீழ்ப்பழனி மலையில் 1970களில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்தது. இந்த நோய் புகுந்து அது 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. விருப்பாட்சிக்கும் சிறுமலை வாழைக்கும் 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குள் தோட்டத்தில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. "திசு வளர்ப்புக் கன்று செயற்கை, வேண்டாம்" என்று முகம் சுளிக்கிறீர்களே, அந்த மலைவாழையை மீண்டும் நட வைத்தது வைரஸ் சோதனை செய்த திசு வளர்ப்புக் கன்றுதான்.

ஆஸ்திரேலியாவிலும் 1920களில் இதே நோய் தோட்டம் தோட்டமாகக் காலி செய்தது. அவர்கள் மருந்து தேடி உட்காரவில்லை. நோயுள்ளதைத் தோண்டி எறியச் சட்டம் போட்டார்கள், கன்று கொண்டுபோகக் கட்டுப்பாடு வைத்தார்கள், வீட்டுக் கொல்லையையும் விடவில்லை. தொழில் பிழைத்தது. நமக்குச் சட்டம் வேண்டாம், கொஞ்சம் மனசு வந்தால் போதும்.

இன்னொரு கோபமும் உண்டு. கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போகிறீர்கள். சந்தோஷம், அருவியில் குளியுங்கள். ஆனால் வண்டி டிக்கியில் இங்கிருந்து ஒரு கன்றை மலைச் சொந்தக்காரருக்குக் கொண்டு போவதும், அங்கிருந்து இரண்டை இறக்குவதும் எதற்கு? நோய் தொற்றி அறிகுறி தெரிய ஒரு மாதம், சிலசமயம் அதற்கும் மேல் ஆகும். கொடுப்பவருக்கே தெரியாமல் நோயைச் சீர்வரிசையாகக் கொடுப்போம். கல்வராயன் மலையில் சொந்தக் கன்றையே எடுத்து நடுகிற எளிய குடும்பங்கள் அதன் விலையைக் கொடுக்க வேண்டுமா?

அறிகுறி எளிது. இலைக் காம்பின் அடிப்பக்கத்தை வெயிலுக்குப் பிடித்துப் பாருங்கள். கரும்பச்சை நிறத்தில் புள்ளியும் கோடுமாக, தந்தி அடித்த மாதிரி இருக்கும்.

இருந்தால், எடுத்ததும் அரிவாளைத் தூக்காதீர்கள். வாழை வாடினால் அசுவினி கிளம்பி அடுத்ததுக்குப் போய்விடும். முதலில் குருத்திலும் மட்டை இடுக்கிலும் பூச்சிமருந்தோ சோப்புக் கரைசலோ நன்றாக ஊற்றி அதைக் கொல்லுங்கள். பிறகு கன்றுகளோடு கிழங்கை முழுசாகத் தோண்டி, துண்டு துண்டாக நறுக்கிக் காயப் போடுங்கள். கிழங்கில் ஒரு துண்டு மண்ணில் நின்றாலும் மறுபடி துளிர்க்கும்.

சந்தேகம் இருப்பவர்கள் படம் அனுப்புங்கள். முழு வாழை வேண்டாம், காம்பின் அடிப்பக்கம் மட்டும்.