பந்திக்குத்தான் முந்தணும்

போக்கர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கறுப்புக் கண்ணாடி, கல் மாதிரி முகம், கையில் ஒன்றுமில்லாமலே மொத்தப் பணத்தையும் நடுவில் தள்ளுகிற தைரியம். எல்லாம் டி.வி. கற்றுக்கொடுத்த பாடம். 2003-ல் லாஸ் வேகாஸில் 839 பேர் ஆடிய உலகப் போட்டியில், கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் (நம்ம காமர்ஸ் கோஷ்டிதான்!) வெறும் ராஜாவை வைத்துக்கொண்டு, எதிரே ஜோடி வைத்திருந்த சாம் ஃபர்ஹாவைச் சீட்டை வீச வைத்தார். 25 லட்சம் டாலர் ஜெயித்தார். இருபது வருஷத்துக்கு மேலாக அந்த ஒரு கையைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர் ஆடாமல் வீசிய கைகளை யார் காட்டினார்கள்?

தைரியம் என்று விற்கப்படுவதில் பாதி வெறும் அவசரம்.

ஹோல்டெம் ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் பொதுவாக ஐந்து. ஒன்பது பேர் மேஜை. உங்களிடம் ஆட்டின் ஏஸும் கிளாவர் ஜாக்கியும். லட்சணமான சீட்டுதான். முதலில் பேசவேண்டியவர் நீங்கள் என்றால், பின்னால் எட்டுப் பேர் காத்திருக்கிறார்கள். அதில் ஒருவரிடமாவது ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி அல்லது ஜாக்கியும் அதற்கு மேலுமான ஒரு ஜோடி இருக்க வாய்ப்பு ஏறக்குறைய நாலில் ஒன்று. கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். அதே சீட்டு, மற்றவர்கள் விலகிக்கொண்டு, 'பட்டன்' இருக்கையில் உங்களிடம் வந்தால் மிச்சம் இரண்டே பேர். ஆபத்து பதினைந்தில் ஒன்று. சீட்டு அதேதான் சார், நாற்காலிதான் வேறு.

இதோடு முடியவில்லை. நடுச்சீட்டு திறந்த பிறகு மூன்று சுற்றிலும் பட்டன்காரர் எல்லோரும் பேசியதைக் கேட்டுவிட்டுத்தான் பேசுவார். டெண்டரில் உங்கள் கவரை மட்டும் பிரித்துக் காட்டிவிட்டு, எதிராளியை விலை எழுதச் சொன்னால் சும்மா இருப்பீர்களா? பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று நம்ம பாட்டிகள் சொன்னது படையைப் பற்றியும்தானே!

அதனால்தான் நன்றாக ஆடுகிறவர்கள் முதல் இருக்கையில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து கைதான் ஆடுகிறார்கள். பட்டனில் நாற்பதைத் தாண்டுவார்கள். ராஜா-ஜாக்கி, ஏஸோடு ஒரு பொடிச் சீட்டு... முதல் இருக்கையில் இதெல்லாம் குப்பை. ஜோடி சேர்ந்தாலும் தலைவலி. பணம் கட்டினால் உங்களைவிடப் பெரிய கை மட்டும் கூட வரும். சும்மா இருந்தால் பின்னாலிருப்பவர் மிரட்டுவார்.

பெரிய கூத்து ஸ்மால் பிளைண்டில். சீட்டைப் பார்க்கும் முன்பே பாதிப் பந்தயம் கட்டாயமாகக் கட்டுகிற இடம். 'பாதி போட்டாச்சே, மீதியையும் போட்டுப் பார்ப்போமே' என்பார்கள். போட்டது போனது, அது இனி உங்கள் பணமில்லை. மீதி பாதி விலைதான், வாஸ்தவம். ஆனால் அந்தத் தள்ளுபடியில் நீங்கள் வாங்குவது, அடுத்த மூன்று சுற்றும் எல்லோருக்கும் முன்னால் வாயைத் திறக்கிற தண்டனையை! பிக் பிளைண்ட்காரருக்காவது கொஞ்சம் சலுகை தரலாம். முதல் சுற்றில் கடைசியாகப் பேசுகிறவர் அவர்.

ரம்மியில் மோசமான கை வந்ததும் ஸ்கூட் விடுகிறவனை நாம் கோழை என்பதில்லை. அதற்கே பாயின்ட் அபராதம் உண்டு. போக்கரில் முதல் இருக்கையில் உட்கார்ந்து ராஜா-ஜாக்கியை வீசினால் ஒரு பைசா செலவில்லை. அதைக்கூடச் செய்யமாட்டேன் என்கிறார்கள்.