கையிலே கருவி! கற்பிக்கும் வேளை எங்கே?



"ஏர் பிடிப்பவன் மகனுக்கு எதற்கய்யா மடிக்கணினி? எங்கே வைப்பான் அதை?" என்று 2011-லே கேட்டார்கள், குளுகுளு அறையிலே குந்தியிருந்த கனவான்கள். தம் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றுக்கு இரண்டு கணினி வாங்கித் தந்தது மறந்துபோயிற்று அவர்களுக்கு! சோறு போட்டபோதும் கேட்டார்கள், சைக்கிள் தந்தபோதும் கேட்டார்கள். அவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி மாளாது.

அந்த ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், அண்ணா பிறந்த நாளிலே தொடங்கிய திட்டம், 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர் கையிலே கணினியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மூட்டை சுமப்பவர் குடிசைக்குள்ளே, பீடி சுற்றுபவர் திண்ணையிலே, தறி ஓட்டுபவர் ஓட்டு வீட்டிலே கணினி நுழைந்தது. 'விலையில்லா மடிக்கணினி' என்று பெயர். விலை கொடுத்தவன் யார்? சோப்புக்கும் சீப்புக்கும் வரி கட்டுகிற நீதான்! கொடுத்த ஆட்சி எது என்கிற பட்டிமன்றம் வேறொரு நாளைக்கு இருக்கட்டும். கொடுத்தது நியாயம், அதை உரக்கவே சொல்வோம்.

ஆனால் உரக்கச் சொல்லும் அதே வாயால் இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கருவி வகுப்பறைக்குள்ளே போயிற்றா?

ஆலைத் தோழர் ஒருவர் வீட்டுக்கு அண்மையிலே போயிருந்தேன். மகன் பன்னிரண்டாம் வகுப்பிலே வாங்கிய கணினி, டிரங்குப் பெட்டிக்குள்ளே துண்டு சுற்றிப் பத்திரமாக இருக்கிறது. "கல்யாணப் பட்டுபோல வைத்திருக்கிறாயே!" என்றேன். "படம் பார்த்தோம் அண்ணே. பிறகு பேட்டரி போயிற்று, மூடிவிட்டோம்" என்றார். பள்ளிக்கு எடுத்துப் போனதுண்டா என்று கேட்டதற்கு மகனே பதில் சொன்னான்: "கொண்டு வராதே, உடைந்தால் யார் பொறுப்பு என்றார்கள்." பெட்டிக்குள்ளே கணினி, வகுப்பிலே கரும்பலகை. ஒன்றை ஒன்று கண்டதே இல்லை! சில ஆண்டுகளிலோ, பள்ளியை விட்டுப் போன பிறகுதான் கணினியே கைக்கு வந்தது. பசித்தவன் கை கழுவி எழுந்த பிறகு இலை போட்ட கதை.

இந்த வேதனை நமக்கு மட்டுமா? தென் அமெரிக்காவிலே பெரு என்றொரு நாடு. மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் லட்சக்கணக்கிலே சிறு கணினிகளை வாங்கிக் கொடுத்தது. குழந்தை கையிலே கொடுத்துவிட்டால் போதும், தானே கற்றுக்கொள்ளும் என்று அமெரிக்க மேதைகள் சிலர் அந்நாளிலே சொன்னார்கள். 319 பள்ளிகளை ஆராய்ந்து 2012-லே அறிக்கை வந்தது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறியதற்குச் சான்றில்லை! கருவியின் குற்றமா? இல்லை. இந்தப் பாடத்தை இந்தக் கருவி கொண்டு இப்படி நடத்து என்று ஆசிரியருக்குச் சொல்லித் தர ஆளில்லை.

அதே கண்டத்திலே உருகுவே, சின்னஞ்சிறு நாடு, 2007-லே இதே வேலையைத் தொடங்கியது. அங்கேயும் முதல் சில ஆண்டுகளில் மதிப்பெண் அசையவில்லை. அவர்கள் கருவியைக் குப்பையிலே போடவில்லை, கொடுத்தோம் முடிந்தது என்று கைகட்டி நிற்கவும் இல்லை. பள்ளிக்குப் பள்ளி இணையம் இழுத்தார்கள். பிள்ளையின் தரத்துக்கேற்ப அடுத்த கணக்கைக் கொடுக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். ஆங்கில ஆசிரியர் போதவில்லையா? தொலைவிலிருக்கும் ஆசிரியரைத் திரையிலே வரவழைத்து, வகுப்பாசிரியரைப் பக்கத்திலே நிறுத்திப் பாடம் நடத்தினார்கள். கருவி பின்னாலே, ஆசிரியர் முன்னாலே!

நம் வகுப்பிலே என்ன செய்யலாம்? முக்கோணத்தின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் கோணங்கள் எப்படி மாறுகின்றன, கூட்டினால் ஏன் 180 பாகையே வருகிறது என்று பிள்ளை தன் கண்ணாலேயே காணலாம். 'ஜியோஜீப்ரா' என்ற செயலி இருக்கிறது, காசு கேட்பதில்லை. ஆய்வுக்கூடத்திலே மின்கம்பி போதாத பள்ளியிலே, மின்சுற்றைத் திரையிலே கட்டிப் பார்க்கலாம். கொலராடோ பல்கலைக்கழகத்தார் அதையும் இலவசமாகவே தருகிறார்கள். தமிழாசிரியர் ஏன் ஒதுங்கி நிற்க வேண்டும்? 1999-லே தமிழக அரசு ஏற்ற 'தமிழ்99' விசைப்பலகை, உயிரெழுத்தை இடக்கைக்கும் மெய்யை வலக்கைக்கும் வகுத்துத் தந்திருக்கிறது. நாளுக்குக் கால்மணி நேரம் பழகினால் பிள்ளை தன் கட்டுரையைத் தமிழிலே தானே அச்சிடுவான். தமிழ் தமிழ் என்று மேடையிலே முழங்கும் நம்மிலே எத்தனை பேருக்கு அந்த விசைப்பலகை தெரியும்? எனக்கே சென்ற ஆண்டுதான் தெரிந்தது, வெட்கத்தோடு சொல்கிறேன்.

மூடவும் பழக்க வேண்டும். கனடாவிலே 2013-லே வெளியான ஓர் ஆய்வு, பாடம் நடக்கையிலே கணினியில் வேறெதையோ மேய்பவன் மட்டுமல்ல, அந்தத் திரை கண்ணிலே படும்படி உட்கார்ந்திருக்கும் மற்றவனும் மதிப்பெண் இழக்கிறான் என்று கண்டது. ஆசிரியர் பேசும்போது மூடி இறங்கட்டும், பயிற்சியின்போது எழட்டும். இருவருக்கு ஒன்று போதும். ஒருவன் செய்ய, மற்றவன் ஏன் என்று கேட்பான்.

கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. 2,000 கோடி ரூபாயும் ஒதுக்கியது. வரவேற்போம். கணினி வாங்கப் பணம் ஒதுக்குகிற கை, பழுது பார்க்கவும் பேட்டரி மாற்றவும் ஆசிரியரைப் பழக்கவும் தனியே ஒதுக்கட்டும். பாட அட்டவணையிலே வாரத்துக்கு இத்தனை மணி என்று எழுதி வைக்கட்டும். எழுதாத மணியிலே எவரும் பாடம் நடத்துவதில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவிலே நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான். சட்டம் கொடுத்த நாற்காலி அது! கூலி வேலைக்குப் போகிற நாம் பேசலாமா என்று ஓரத்திலே நிற்காதே, தோழா. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது, வகுப்பறைச் சுவரிலே எத்தனை பிளக் பாயிண்ட் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு போ. நான் எண்ணிப் பார்த்த ஒரு வகுப்பிலே ஐம்பது பிள்ளைகளுக்கு ஒன்று இருந்தது. அதிலே மின்சாரம் இல்லை.