வீதி யாருக்குச் சொந்தம்?

ஒரு பெரிய பட்டணத்தில் டிராம் வண்டி விடலாமா, கூடாதா என்பதை இன்ஜினீயர்களே தீர்மானித்துவிடலாம் என்று சிலர் நினைக்கக்கூடும். லண்டன் நகரத்தின் சரித்திரத்தைப் படித்தவர்கள் அவ்வாறு நினைக்க மாட்டார்கள். ஒன்றரை நூற்றாண்டாக அங்கே நடந்துவரும் வழக்கு ஒன்றேதான். வீதி யாருக்குச் சொந்தம்? அதன் இரு மருங்கிலும் வீடும் கடையும் வைத்திருப்போருக்கா, தினந்தோறும் அதன் வழியே பிழைப்புக்குப் போய்வரும் ஜனங்களுக்கா?

1861-ம் வருஷத்தில் ஜார்ஜ் பிரான்சிஸ் டிரெயின் என்ற அமெரிக்கர் லண்டனில் முதன்முதல் டிராம் பாதை போட்டார். தண்டவாளம் தரைக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தபடியால் மற்ற வண்டிகளுக்கு இடையூறு உண்டாயிற்று. சீக்கிரத்தில் அது பெயர்த்தெடுக்கப்பட்டது. அந்த ஆட்சேபணை நியாயமானதே. ஆனால் பின்னர் வந்த 1870-ம் வருஷத்து டிராம்வே சட்டம் ஆட்சேபிப்போருக்கு அளவுக்கு மீறிய பலத்தைக் கொடுத்துவிட்டது. ஸ்தல ஸ்தாபனங்களின் சம்மதம் வேண்டுமென்று அது விதித்தது. அன்றியும், நடைபாதைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே 9½ அடி இடமில்லாத நிலை 30 அடி தூரத்துக்கு நீடிக்குமானால், அவ்விடத்து வீட்டுக்காரரிலும் கடைக்காரரிலும் மூன்றிலொரு பங்கினர் மறுத்தாலே போதும், தண்டவாளம் போடலாகாது. வண்டிக்காகக் காத்து நிற்கும் ஏழைத் தொழிலாளியின் அபிப்பிராயத்தைக் கேட்க இச்சட்டத்தில் இடமேயில்லை.

1889-ல் ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட லண்டன் கவுண்டி கவுன்சில் ஏற்பட்டது. அது தனியார் கம்பெனிகளின் டிராம்களை வாங்கி, 1903 முதல் மின்சார வண்டிகளை நடத்திற்று. மேலே கம்பி கட்டினால் வீதியின் அழகு கெடும் என்ற கூக்குரலுக்கு இணங்கி, அதிகச் செலவில் தரைக்கடியிலேயே மின்சாரத்தைக் கொண்டு சென்றது. அப்படியும் பயனென்ன? தென்கரைத் தொழிலாளரை ஏற்றிவந்த டிராம்கள் தேம்ஸ் நதிப் பாலத்தடியிலேயே நின்றன. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் மீதும், வடகரைச் சாலையிலும் டிராம் விட அனுமதி கோரிய மசோதாக்களைப் பார்லிமெண்டு பன்முறை தள்ளிற்று. கனவான்களின் கோச்சு வண்டிகள் தாராளமாய்ச் செல்லலாம். மழையிலும் பனியிலும் தொழிலாளி மட்டும் பாலத்தை நடந்தே கடக்கவேண்டும்! 1906-ல்தான் அனுமதி கிடைத்தது. லண்டனின் நடுநாயகமான ஸிட்டியும் செல்வர் வாழும் வெஸ்ட் எண்டும் கடைசிவரையில் தங்கள் வீதிகளைத் திறந்துவிடவில்லை. 1952-ம் வருஷம் ஜூலை மாதத்தில் பழைய டிராம்களே மறைந்தன.

காலம் மாறிற்று; வழக்கு மாறவில்லை. 2000-ம் வருஷத்தில் கிராய்டன் பகுதியில் டிராம் மீண்டும் வந்தது. அதன் பாதையில் பெரும்பகுதி பழைய ரயில் தடமாகையால் வீதிக்காரர்களோடு சச்சரவு அதிகம் நேரவில்லை. ஆனால் மேயர் கென் லிவிங்ஸ்டன், ஷெப்பர்ட்ஸ் புஷ் முதல் அக்ஸ்பிரிட்ஜ் வரையில் கடைவீதி வழியாகவே டிராம் விட முனைந்தபோது பெரும் எதிர்ப்பு மூண்டது. 2006-ல் ஈலிங் நகரசபைத் தேர்தலில் இதுவே முக்கியப் பிரச்னைகளில் ஒன்றாக, அங்கு ஆண்ட தொழிற்கட்சி தோற்றது. மறு வருஷமே திட்டம் கைவிடப்பட்டது. ஆற்றைக் கடந்து பெக்காமுக்கும் பிரிக்ஸ்டனுக்கும் செல்லவிருந்த மற்றொரு டிராமைப் பணமில்லையென்று சொல்லி 2008-ல் புதிய மேயர் போரிஸ் ஜான்ஸன் நிறுத்திவிட்டார்.

எதிர்த்தவர்கள் எல்லோரும் சுயநலக்காரர் என்று நாம் சொல்லத் துணியோம். மோட்டார் வண்டிகள் பெரிய சாலையினின்று விலக்கப்பட்டால் சந்துகளில் வந்து நெருக்கும் என்று குடித்தனக்காரர் அஞ்சினர். வீதியைத் தோண்டிப்போட்டிருக்கும் மாதங்களில் சிறு கடைக்காரனுக்கு வியாபாரம் ஏது? இவர்கள் குறைகளைக் கேட்கவேண்டும். நஷ்டத்துக்கு ஈடும் கொடுக்கவேண்டும். ஆனால் குறை சொல்லும் உரிமை வேறு, தடுத்து நிறுத்தும் அதிகாரம் வேறு. நஷ்டமடைவோர் சிலரே, அவர்கள் ஓரிடத்தில் இருப்பதால் சங்கம் கூட்டுகின்றனர், ஓட்டுக்களைத் திரட்டுகின்றனர். லாபமடையும் பல்லாயிரவர் ஊரெங்கும் சிதறிக் கிடக்கின்றனர். நாளைய வண்டியில் ஏறப்போகிறவனுக்கு இன்று சங்கமுமில்லை, தலைவனுமில்லை.

ஆகவே, ஊர் முழுவதற்கும் பொதுவான சபையே இத்தகைய விஷயங்களில் முடிவான தீர்ப்பளிக்க வேண்டுமென்பது நமது திடமான அபிப்பிராயம். பேட்டைக்குப் பேட்டை தடையதிகாரம் வைத்துக்கொண்டால் நீண்ட பாதை எதுவும் உருவாகாது. பொதுஜன ஊழியர்கள் அடுத்த முறை ஆட்சேபணை மனுக்களை எண்ணும்பொழுது, மனுப்போட நேரமின்றி வண்டிக்குக் காத்து நிற்பவர்களையும் சேர்த்து எண்ணுவார்களாக.