வெற்று நிலம் என்று யார் சொன்னது?

“கூனியைப் பார்ப்பதற்கா இவ்வளவு தூரம்?”

மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்வழி கலிபோர்னியாவில் ஒரு பருவம் பயின்றபோது, மார்ச் மாதத்துச் சனிக்கிழமைக் காலையொன்றில் என் மனத்தில் எழுந்த கேள்வி இது. சொலானோ வட்டாரத்தில் உள்ள ஜெப்சன் புல்வெளிக் காப்பகத்திற்கு இயற்கை நடைக்காகச் சென்றிருந்தோம். அங்கே மலை இல்லை, அருவி இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை புல்லும், ஆங்காங்கே மழைநீர் தேங்கிய பள்ளங்களும்தான். இதற்கா விடியற்காலையில் எழுந்து வந்தோம் என்று இருந்தது.

அனுமதி பெற்ற வழிகாட்டி ஒருவர் சிறிது நீரை மொண்டு, கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வெயிலுக்கு நேரே பிடித்தார். ஓர் அங்குலத்திற்கும் குறைவான, ஓடில்லாத, கண்ணாடி போன்ற உயிர்கள் மல்லாந்து நீந்திக்கொண்டிருந்தன. பதினொரு இணைக் கால்களும் அலை அலையாய் அசைந்தன. ஆங்கிலப் பெயரைத் தமிழாக்கினால் ‘தேவதை இறால்’ என்று வரும். ஒரு நிமிடம் பார்த்தோம். பிறகு அவர் அந்நீரை எடுத்த இடத்திலேயே மெல்ல ஊற்றிவிட்டார்.

இந்தக் குளங்களின் கதை வியப்பானது. மேல்மண்ணுக்கு அடியில் நீரை இறங்கவிடாத இறுகிய களிமண் படிவம் இருக்கிறது. குளிர்கால மழை அதன்மேல் தேங்குகிறது. கோடையில் முற்றாக வற்றிவிடுகிறது. வற்றும் குளத்தில் மீன் வாழ முடியாது. மீன் இல்லாததால்தான் இந்த இறால் பிழைக்கிறது. நீர் நிறைந்ததும் பொரித்து, சில வாரங்களில் வளர்ந்து, முட்டையிட்டு மடிகிறது. அம்முட்டைகள் காய்ந்த மண்ணில் வெயிலையும் குளிரையும் தாங்கி, ஆண்டுக்கணக்கில்கூட அடுத்த மழைக்காகக் காத்திருக்கும். வசந்தத்தில் நீர் பின்வாங்கப் பின்வாங்க, கரையோரத்தில் மஞ்சள் பூக்கள் வளையம் வளையமாய்ப் பூக்கும்.

இப்போது அதே இடத்திற்கு ஆகஸ்டு மாதத்தில் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் காண்பது வெடித்துக் காய்ந்த தரை. “வெற்று நிலம், தாராளமாகக் கட்டலாம்” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. தவறான மாதத்தில் வந்துவிட்டார், அவ்வளவுதான். கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில் இத்தகைய குளங்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வயல்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறி அழிந்துவிட்டதாக மதிப்பிடுகிறார்கள்.

இதனால்தான் இந்த வசந்தகால நடைகளை வெறும் பொழுதுபோக்காக நான் கருதவில்லை. அவை சாட்சிகளை உருவாக்குகின்றன.

“சட்டம் இருக்கிறதே, சாட்சி எதற்கு?” என்று நீங்கள் கேட்கலாம். சட்டம் இருக்கத்தான் செய்கிறது. அங்குள்ள சில இறால் இனங்கள் 1994-இல் அழியும் ஆபத்தில் உள்ள உயிரினப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆனால், சட்டத்தின் எல்லை மாறக்கூடியது. 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி, ஆறு ஏரிகளோடு மேற்பரப்பில் தொடர்ச்சியாக இணைந்த ஈரநிலங்களுக்கே தூய நீர்ச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. தனித்து நிற்கும் மழைக் குளங்களுக்கு அந்தக் கவசம் போயிற்று. பிற சட்டங்கள் இன்னும் காக்கின்றன. அவையும் நிலைப்பதற்கு, அந்தக் குளங்களைக் கண்ணால் கண்ட மக்கள் வேண்டும்.

இதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு. கூட்டம் கூடினால் குளம் கெடும் என்பது முதலாவது. இது நியாயமான அச்சம். காய்ந்த மண்ணிலும் முட்டைகள் இருக்கின்றன. சிறு குழு, வகுத்த பாதை, பொறுப்பான வழிகாட்டி ஆகிய மூன்றும் இல்லாத நடையை நானும் ஆதரிக்க மாட்டேன். இரண்டாவது, இறாலுக்காக மனிதனின் வளர்ச்சியை நிறுத்துவதா என்பது. இதற்கு ஒரு பல்கலைக்கழகமே பதிலாக நிற்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மெர்செட் வளாகத்தைக் கட்டத் திட்டமிட்டபோது, இக்குளங்களுக்கு ஏற்படும் பாதிப்பைக் குறைக்க இடத்தை மாற்றி, முன்பு கோல்ஃப் திடலாக இருந்த நிலத்தில் எழுப்பினார்கள். 2005-இல் வளாகம் திறக்கப்பட்டது. 2014-இல் அதன் அருகிலேயே ஏறத்தாழ 6,500 ஏக்கர் நிலம் ஆய்வுக் காப்பகமானது. மாணவர்களுக்குப் பட்டமும் கிடைத்தது, இறாலுக்கு இடமும் கிடைத்தது.

சிறியதைப் பார்க்கச் செல்வது நமக்கும் புதிதன்று. கோலசிலாங்கூரில் மின்மினிப் பூச்சிகளைக் காண இரவில் படகேறுகிறோம் அல்லவா? ஆனால் மின்மினி தானே ஒளிவிட்டு நம்மை அழைக்கிறது. தேவதை இறால் அழைக்காது. நாம்தான் சரியான மாதத்தில், சரியான இடத்தில், குனிந்து பார்க்க வேண்டும்.

அன்று குடுவையைக் கையில் வாங்கியபோது, காலையில் நான் கேட்ட கேள்விக்காகச் சற்று வெட்கப்பட்டேன். இனி ஒரு நிலத்தைக் காட்டி “இங்கே ஒன்றுமில்லை” என்று யாராவது சொன்னால், என் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: “நீங்கள் எந்த மாதத்தில் போய்ப் பார்த்தீர்கள்?”