3 கிலோவாட்டுன்னா எத்தனை யூனிட், மாப்ள?

போன வாரம் செல்போன் சார்ஜரைத் திட்டி எழுதினதுக்கு நிறைய பேர் என்னைத் திட்டியிருந்தீங்க. ரொம்ப சந்தோஷம். இந்த வாரம் உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். என்னை நானே திட்டிக்கப் போறேன்.

முதல்ல ஒரு சின்ன கணக்கு. வீட்டு மாடியில 3 கிலோவாட் சோலார் பேனல் இருக்கு. காலையில 6 மணியிலேர்ந்து சாயங்காலம் 6 மணி வரைக்கும் வெயில். ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் கரன்ட் கிடைக்கும்?

'3 பெருக்கல் 12... 36 யூனிட்!'னு சொன்னவங்க எல்லாம் கையைத் தூக்குங்க. கூச்சப்படாதீங்க பாஸ், நானும் அதைத்தான் சொன்னேன். அதுவும் இ.இ.இ. மூணாவது வருஷம் படிச்சுக்கிட்டு, சொந்தத் தாய்மாமன்கிட்ட!

மாமாவுக்கு ஊர் திருச்சுழிப் பக்கம். வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைஞ்சா விவசாயம், இல்லேன்னா சீமைக்கருவேலம். பக்கத்துல கமுதியில பெரிய சோலார் மின் நிலையம் வந்ததிலேர்ந்து மாமாவுக்கு வெயில் மேல ஒரு கண்ணு. "இத்தனை வருஷமா இந்த வெயிலைத் திட்டிக்கிட்டே திரிஞ்சோம். அவுக அதையே பிடிச்சு விக்கிறாக. நம்ம மாடியில போட்டா எவ்வளவு வரும் மாப்ள? நீதான கரன்ட்டுக்குப் படிக்கிற?"ன்னார்.

நான் ஒரு கல்யாணப் பத்திரிகையோட பின்பக்கத்துல 36னு எழுதி, அதைச் சுத்தி வட்டம் வேற போட்டுக் கொடுத்தேன். ரெண்டு மாசத்துக்கு 2,160 யூனிட்! அவர் வீட்டுக்கு ஆகறதே ரெண்டு மாசத்துக்கு 400 யூனிட்தான். மிச்சத்தை வித்தே கடனை அடைச்சிடலாம்னு, மாமா நகைக்கடனுக்குத் தயாராயிட்டார். அத்தையோட சங்கிலி பீரோவுல இருந்து மஞ்சப்பைக்கு வந்தாச்சு.

காப்பாத்தினது யாரு தெரியுமா? மாடியை அளக்க வந்த வயர்மேன் அண்ணன். பத்தாம் வகுப்போட படிப்பை நிறுத்தினவர். பத்திரிகையை வாங்கிப் பார்த்தார். வட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்:

"ஏன் தம்பி, காலைல ஆறரை மணி வெயிலும் உச்சி வெயிலும் ஒண்ணா?"

அவ்வளவுதான். மூணு வருஷப் படிப்பு மொட்டை மாடியில காலி!

வெளிச்சம் வேற, சூடு வேற

பேனல் மேல எழுதியிருக்கிற வாட் கணக்கு, பைக் விளம்பரத்துல போடுற மைலேஜ் மாதிரி. ஆய்வுக்கூடத்துல, ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெளிச்சம் பட்டு, பேனலோட சூடு 25 டிகிரியா இருந்தா வர்ற அளவு அது. காலையிலயும் சாயங்காலமும் வெயில் சாய்வா விழும். நடுவுல மேகம் வரும். எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சுப் பார்த்தா, நம்ம பக்கத்துல 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சராசரியா 4 யூனிட் தரும். அப்படின்னா 3 கிலோவாட்டுக்கு 12 யூனிட். நான் சொன்னது அதைப் போல மூணு மடங்கு! அரியர் வைக்கிறது எனக்குப் புதுசில்ல. ஆனா இந்த அரியருக்கு ஃபீஸ் கட்டியிருக்க வேண்டியது அத்தையோட சங்கிலி.

கடைசியில மாமா 2 கிலோவாட்தான் போட்டார். ஒரு நாளைக்கு 8, ரெண்டு மாசத்துக்கு 480. வீட்டுக்குத் தாராளம். 2024-ல மத்திய அரசு கொண்டு வந்த சூர்ய கர் திட்டத்துல 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் மானியம் உண்டு. அதனால சங்கிலியும் பீரோவுக்கே திரும்பிப் போச்சு.

தண்ணித் தொட்டிப் பக்கத்துல பேனலை வைக்கலாம்னு நான் சொன்ன யோசனையையும் வயர்மேன் அண்ணன் தள்ளிட்டார். பேனலுக்குள்ள செல்கள் எல்லாம் வரிசையா கோத்திருக்கும். தண்ணி ஓடுற ஓஸ் மேல ஓரிடத்துல மிதிச்சா மொத்த ஓஸ்லயும் தண்ணி குறையுது இல்லையா, அதே கதைதான். சில செல் மேல நிழல் விழுந்தாலே அந்த வரிசையோட உற்பத்தி படுத்துடும். அதைச் சமாளிக்க உள்ள டையோடு வெச்சிருப்பாங்க. ஆனா அந்தப் பகுதியோட கரன்ட் போனது போனதுதான்.

அப்புறம் சித்திரை வந்தது. மாமா போன் பண்ணினார். "மாப்ள, மாசியில 9 யூனிட் காட்டுச்சு. இப்ப வெயில் மண்டையைப் பிளக்குது, 8 தாண்ட மாட்டேங்குதே. மிஷின்ல கோளாறா?"

கோளாறு மிஷின்ல இல்ல, நம்ம நினைப்புல. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதுக்கு ஆகவே ஆகாது. சூடு ஏற ஏற செல்லோட வோல்டேஜ் இறங்கும். 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும், பேனல் வகையைப் பொறுத்து 0.3 முதல் 0.4 சதவீதம் வரைக்கும் உற்பத்தி குறையும். அக்னி நட்சத்திரத்துல பேனல் சர்வசாதாரணமா 65 டிகிரியைத் தொடும். 40 டிகிரி கூடுதல்னா 12-லேர்ந்து 16 சதவீதம் அவுட்! அதனாலதான் பேனலை மாடித் தளத்தோட ஒட்டிப் போடாம, அடியில காத்து போற மாதிரி தூக்கிப் போடணும்கிறது. 'நம்ம ஊர்ல வெயில் கொளுத்துது, அதனால சோலார் அள்ளும்'னு டிவியில யாராச்சும் பேசினா இனிமே சிரிச்சுக்கோங்க.

இன்னொண்ணு, தூசி. நம்ம கரிசல் காட்டுல காத்தடிச்சா, காயப்போட்ட வேட்டியே கலர் மாறிடும். பேனல் எம்மாத்திரம்? மாமா போர் தண்ணியை ஊத்திக் கழுவினார். உப்புத் தண்ணி காய்ஞ்சதும் வெள்ளையா படிஞ்சு போச்சு. இப்ப நல்ல தண்ணியைத் துணியில நனைச்சு, வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே துடைக்கிறார். குடிக்கவே குடத்தோட காத்துக் கிடக்கிற ஊர்ல இது லேசுப்பட்ட செலவு இல்ல. கமுதியில தினமும் பேனலைச் சுத்தம் பண்றதுக்கு ரோபோவை வெச்சிருக்காங்க. பந்தாவுக்கு வெச்ச ரோபோன்னு நினைக்காதீங்க. 25 லட்சம் பேனலைத் துடைக்க வறட்சிக் காட்டுல தண்ணிக்கு எங்க போறது?

மெகாவாட் மோகம்

இப்ப கமுதிக்கே வருவோம். 2016 செப்டம்பர்ல அதானி குழுமம் திறந்தது. 648 மெகாவாட். சுமார் 2,500 ஏக்கர். 4,550 கோடி ரூபாய். எட்டே மாசத்துல கட்டி முடிச்சாங்க. எஞ்சினியரிங்னு பார்த்தா, நிஜமாவே சல்யூட் அடிக்கலாம்.

ஆனா '648 மெகாவாட்'னு தலைப்பைப் படிச்சதும் நம்ம மண்டையில என்ன ஓடுது? பொழுதன்னிக்கும் 648 மெகாவாட் கொட்டுற மாதிரி! நான் மாமாகிட்ட பண்ணின அதே தப்பு. மாமாவோட 4 யூனிட் கணக்கையே இங்கயும் போட்டுப் பாருங்க. 648 மெகாவாட்டுன்னா 6,48,000 கிலோவாட். ஒரு நாளைக்கு சுமாரா 26 லட்சம் யூனிட். கூடங்குளத்துல 1,000 மெகாவாட் உலை ஒண்ணு முழுசா ஓடினா 240 லட்சம் யூனிட். மெகாவாட்ல பார்த்தா ஒன்றரை மடங்குதான் வித்தியாசம். யூனிட்ல பார்த்தா ஒன்பது மடங்கு!

உடனே 'சோலார் வேஸ்ட்'னு கிளம்பிடாதீங்க. கூடங்குளத்துல 2002-ல வேலை ஆரம்பிச்சு, முதல் உலையிலேர்ந்து மின்கட்டமைப்புக்குக் கரன்ட் போனது 2013-ல. கமுதிக்கு எட்டு மாசம். ஒண்ணுக்கு யுரேனியம் வேணும், இன்னொண்ணுக்கு எரிபொருளே வேண்டாம். ஆனா சாயங்காலம் நாம விளக்கு, டிவி, ஃபேன் எல்லாத்தையும் போடுற நேரம் பார்த்து சோலார் கடையைச் சாத்திடும். ரெண்டுக்கும் ரெண்டு குணம். அதைச் சொல்லாம வெறும் மெகாவாட்டை மட்டும் அச்சடிக்கிறது அறிவியல் செய்தி இல்ல, கட்-அவுட்.

அப்புறம் இன்னொரு விஷயம். கமுதிதான் உலகத்துலேயே பெரிய சோலார் நிலையம்னு இன்னமும் பஸ்ல சத்தியம் பண்றாங்க. 2016-ல, ஒரே இடத்துல அமைஞ்சதுல அதுதான் பெரிசுன்னு சொன்னாங்க. 2017-லயே ஆந்திராவில கர்னூல் 1,000 மெகாவாட்டைத் தொட்டுடுச்சு. கர்நாடகாவில பாவகடா 2,050, ராஜஸ்தான்ல பட்லா 2,245. ரெக்கார்டுங்கறது உடையறதுக்குத்தான். நம்ம பெருமை 2016-லயே நின்னுட்டா நஷ்டம் நமக்குத்தான்.

நம்ம பங்கு என்ன?

செய்தி போடுறவங்களை மட்டும் திட்டினா எப்படி? நம்ம காலேஜுக்குள்ள வாங்க. ஃபைனல் இயர் புராஜெக்ட்னா வருஷா வருஷம் எவனாவது ஒருத்தன் 'சோலார் புல்வெட்டும் இயந்திரம்' செய்வான். அருப்புக்கோட்டையைச் சுத்தி புல் எங்கடா இருக்கு? வெட்டணும்னா சீமைக்கருவேலத்தை வெட்டு! உப்புத் தண்ணி இல்லாம பேனலைத் துடைக்க மலிவா ஒரு கருவி செய்யலாம். எந்த மாடியில எந்த மாசம் எத்தனை யூனிட் வந்ததுன்னு ஊர் ஊரா எழுதி வைக்கலாம். இதுக்கெல்லாம் ராக்கெட் அறிவு வேண்டாம். ஒரு நோட்டும் பொறுமையும் போதும். ஆனா நமக்கு மார்க் வாங்குற புராஜெக்ட்டுதானே வேணும்?

அதனால, எந்த டெக்னாலஜி செய்தியைப் படிச்சாலும் இனிமே மூணு கேள்வி கேளுங்க. இது ஒரு நாளைக்கு நிஜமா எவ்வளவு கொடுக்கும்? எந்த நேரத்துல கொடுக்கும்? பராமரிக்க என்ன செலவு, யார் தலையில? பதில் இல்லேன்னா அது செய்தி இல்ல, விளம்பரம். ஏன்னா உங்க வீட்லயும் ஒரு மாமா இருப்பார். 'நீ எஞ்சினியராச்சே'ன்னு உங்களைக் கேட்பார். கூகுளை நம்பாம உங்களை நம்புவார். நீங்க தப்பா சொல்ற ஒரு நம்பர் பரீட்சைத் தாள்ல ரெண்டு மார்க். அவர் வீட்ல அது ஒரு சங்கிலி.

மாமா இப்ப தினமும் சாயங்காலம் மீட்டரைப் பார்த்து காலண்டர்ல குறிச்சு வைக்கிறார். நேத்து போன்ல, "மாப்ள, இன்னிக்கு மேகம். அஞ்சரைதான்"னார். குரல்ல வருத்தமே இல்ல.

"மழை வருமா மாமா?"

"வந்தா வரட்டும்டா. யூனிட் போனா போகுது!"

அடுத்த வாரம் பார்ப்போம். அதுவரைக்கும், வட்டம் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை கணக்கைச் சரிபாருங்க பாஸ்!