பகலில் ஊர், இரவில் அரங்கு

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க், அதே நாட்டின் மேற்கு முனையில் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் உள்ள பிரெகன்ஸ், இத்தாலியின் வெரோனா ஆகிய மூன்று ஊர்களிலும் ஒவ்வொரு கோடையிலும் பெரும் இசை விழாக்கள் நடக்கின்றன. ஆல்ப்ஸ் மலையின் இரு புறமும் அமைந்த இவற்றை ஒரே கார்ப் பயணத்தில் இணைக்கலாம். ஆனால் இசைக்கு ஒரு பட்டியல், ஊர் பார்க்க ஒரு பட்டியல் என்று பலரும் தனித்தனியே திட்டமிடுகிறார்கள். பகலெல்லாம் அலைந்து களைத்தபின் மாலையில் அவசரமாக அரங்குக்குள் நுழைகிறார்கள். இந்த மூன்று விழாக்களும் அந்தந்த ஊரின் கல்லிலும் நீரிலும் இருந்து பிறந்தவை. ஊரை அறிந்தவருக்கே அரங்கு முழுமையாகப் புரியும். ஆகவே பயணத்தை அரங்கிலிருந்து தொடங்கி வகுப்பதே முறை.

சால்ஸ்பர்க் விழா, முதல் உலகப் போரில் சிதைந்த நாட்டுக்குப் பண்பாட்டால் புத்துயிர் தரும் முயற்சியாகப் பிறந்தது. 1920 ஆகஸ்ட் 22 அன்று, ஹூகோ ஃபான் ஹோஃப்மன்ஸ்தால் எழுதிய ‘யேடர்மான்’ நாடகத்தை மாக்ஸ் ரைன்ஹார்ட் பேராலயத்தின் முன் திறந்தவெளியில் மேடையேற்றினார். சாவு நெருங்கும் செல்வனின் பெயரைச் சொல்லி அழைக்கும் குரல்கள் ஆலயக் கோபுரங்களிலிருந்தும் கோட்டைப் பக்கமிருந்தும் ஒலிக்கும். 1077இல் கட்டத் தொடங்கிய அந்தக் கோட்டைக்குப் பகலில் ஏறியவருக்கு, இரவில் அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்பது தெரியும். விழாவின் இன்னொரு அரங்கான ‘ஃபெல்ஸன்ரைட்ஷூலே’ முன்பு ஒரு கல்குவாரி. பேராலயத்துக்குக் கல் வெட்டிய அந்தப் பாறையில் 1693இல் மூன்று அடுக்கு மாடங்களைக் குடைந்து, குதிரை விளையாட்டு பார்க்கும் இடமாக்கினார்கள். இன்று அதுவே ஓபரா மேடையின் பின்சுவர். மோட்சார்ட் 1756இல் பிறந்த வீடும் இங்கிருந்து நடந்துபோகும் தூரம்தான்.

பிரெகன்ஸ் விழா 1946இல், இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டில் தொடங்கியது. ஊரில் நாடக அரங்கு இல்லாததால், சரளைக்கல் ஏற்றும் இரண்டு படகுகளை ஏரியில் நிறுத்தி, ஒன்றில் மேடையையும் மற்றொன்றில் இசைக்குழுவையும் வைத்தார்கள். இன்று சுமார் 7,000 பேர் கரையில் அமர்ந்து, நீரின்மேல் எழும் பிரம்மாண்ட மேடையைப் பார்க்கிறார்கள். ஒரே தயாரிப்பு இரண்டு கோடைகளுக்கு நீடிக்கும். வியன்னா சிம்ஃபனி இசைக்குழு அருகிலுள்ள கட்டடத்துக்குள் வாசிக்க, ஒலிபெருக்கிகள் வழியே இசை கரைக்கு வருகிறது. நிகழ்ச்சி நாளில் ரோப் கார் ஏறி, 1,064 மீட்டர் உயரமுள்ள ஃபேண்டர் மலையிலிருந்து ஏரியைப் பார்ப்பது நல்லது. மூன்று நாடுகள் பகிர்ந்துகொள்ளும் அந்த நீர்ப்பரப்பின் அளவு மனத்தில் பதிந்தபின், மேடைக்குப் பின்னால் சூரியன் மறைவதும் நிகழ்ச்சியின் பகுதியாகிவிடும்.

வெரோனாவின் அரீனா, கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர் கட்டிய வட்டரங்கு. 1117ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அதன் வெளிவளையம் சரிந்தது. எஞ்சியவை நான்கு வளைவுகளே. விழுந்த கற்கள் ஊரின் வேறு கட்டடங்களுக்குப் போயின. வெர்டி பிறந்த நூறாவது ஆண்டான 1913இல், ஆகஸ்ட் 10 அன்று அவருடைய ‘ஐடா’ இங்கு அரங்கேறியது. அன்று தொடங்கிய ஓபரா விழா, போர்க்கால இடைவெளிகள் நீங்கலாக இன்றுவரை தொடர்கிறது. கற்படிகளே மலிவான இருக்கைகள். வெயிலில் ஊறிய கல் இரவிலும் சூடாறாது என்பதால் சிறு மெத்தை அவசியம்.

மூன்றையும் ஒரே பயணத்தில் கேட்க, நாட்காட்டிதான் முதலில் தீர்மானிக்கிறது. வெரோனாவில் ஜூன் முதல் செப்டம்பர் தொடக்கம் வரையும், பிரெகன்ஸில் ஜூலை நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரையும், சால்ஸ்பர்க்கில் ஜூலை இறுதி முதல் ஆகஸ்ட் இறுதி வரையும் விழா நடக்கும். மூன்றும் சேரும் காலம் ஜூலை கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரைதான். ஆகவே பல மாதங்கள் முன்பே நுழைவுச்சீட்டை உறுதிசெய்து, அதன்பின் தங்குமிடம், அதன்பின் சாலை என்ற வரிசையில் திட்டமிட வேண்டும். சீட்டு கிடைக்காதவர்களுக்கும் வழியுண்டு: சால்ஸ்பர்க்கின் கபிட்டல் சதுக்கத்தில் விழா நிகழ்ச்சிகளைப் பெரிய திரையில் இலவசமாகக் காட்டுகிறார்கள்.

சால்ஸ்பர்க்கிலிருந்து மியூனிக் வழியாக பிரெகன்ஸ் சுமார் 340 கிலோமீட்டர். வழியில் கீம்சே ஏரித் தீவில், இரண்டாம் லுட்விக் மன்னர் வெர்சாயை முன்மாதிரியாக வைத்துக் கட்டிய அரண்மனை உள்ளது. பிரெகன்ஸிலிருந்து இன்ஸ்ப்ரூக், பிரென்னர் கணவாய் வழியாக வெரோனா சுமார் 450 கிலோமீட்டர். இதை ஒரே நாளில் கடப்பது வீண் களைப்பு. போல்சானோவில் ஓரிரவு தங்கினால், 1991இல் பனிப்பாறையில் கிடைத்த 5,000 ஆண்டுகளுக்கும் பழைய ‘ஓட்சி’ மனிதனின் உடலை அருங்காட்சியகத்தில் காணலாம்.

இந்தச் சாலைகளுக்கென்று சில விதிகள் உண்டு. ஆஸ்திரிய நெடுஞ்சாலைகளில் ஓட்ட ‘வின்யெட்’ என்னும் காலவரைச் சாலைச்சீட்டு வேண்டும். இன்ஸ்ப்ரூக் போகும் வழியிலுள்ள ஆர்ல்பெர்க் சுரங்கப்பாதைக்கும் பிரென்னர் நெடுஞ்சாலைக்கும் தனிச் சுங்கம். ஜெர்மனியில் கார்களுக்குச் சுங்கம் இல்லை. இத்தாலியில் ஓடும் தூரத்துக்கு ஏற்பக் கட்டணம். கோடைச் சனிக்கிழமைகளில் பிரென்னர் வழி நெரிசலில் திணறும் என்பதால் வாரநாளில் கடப்பதே நலம். வெரோனாவின் பழைய நகரில் அனுமதியற்ற கார்களை கேமரா பதிவுசெய்து அபராதம் விதிக்கும். வாடகைக் காரை வேறு நாட்டில் ஒப்படைத்தால் கூடுதல் கட்டணம் ஆகும். இந்திய உரிமம் உள்ளவர்கள் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் வைத்திருக்க வேண்டும்.

மழை மூன்று இடங்களிலும் மூன்று விதமாகக் கையாளப்படுகிறது. சால்ஸ்பர்க்கில் ‘யேடர்மான்’ உள்ளரங்குக்கு மாறும். பிரெகன்ஸில் தூறலில் நிகழ்ச்சி தொடரும். கனமழையில் குறிப்பிட்ட வகைச் சீட்டுள்ளவர்களுக்கு மட்டுமே உள்ளரங்கில் இடம். வெரோனாவில் மழை நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். அங்கு நிகழ்ச்சி நள்ளிரவைத் தாண்டியும் நீளும். எனவே நிகழ்ச்சி நாளில் நெடுந்தூரம் ஓட்டுவதையும், முடிந்ததும் அடுத்த ஊருக்குக் கிளம்புவதையும் தவிர்க்க வேண்டும். கார் ஊர்களுக்கு இடையே உதவும். ஊருக்குள் கால்களே போதும்.

ஒவ்வோர் ஊரிலும் குறைந்தது இரண்டு இரவுகள் தங்குவது பயணிக்கு மட்டுமன்றி ஊருக்கும் நல்லது. சால்ஸ்பர்க்குக்கு அருகில், சில நூறு பேர் வாழும் ஹால்ஸ்டாட் கிராமம் படமெடுத்துவிட்டு உடனே திரும்பும் கூட்டத்தால் திணறி, பேருந்துகளுக்கு நேர ஒதுக்கீடு செய்ய நேர்ந்தது. மாலை நிகழ்ச்சிக்காகத் தங்கும் விருந்தினரோ ஊரின் விடுதியிலும் உணவகத்திலும் செலவிட்டு, அதன் வரலாற்றுக்கும் நேரம் தருகிறார். பார்க்கும் ஊர்களின் எண்ணிக்கையைக் குறைத்து, தங்கும் நாட்களைக் கூட்டும் திட்டமே இசைக்கும் ஊருக்கும் ஒருசேர நியாயம் செய்யும்.